வெள்ளிக்கிழமைப் பருந்துகள்

பருந்துகளை எண்ணாமலே எண்ணியதாக எழுதி அனுப்புகிறாள் என்று ஒரு மாணவியின் மேல் சந்தேகம். நேரில் போய் விசாரித்து வரச் சொல்லி என்னை வேலூருக்கு அனுப்பினார்கள். அனுப்பியவர் ஹென்ரிக். சுவீடனில் நான் இருபது வருஷமாகக் குப்பை கொட்டும் காட்டுயிர் ஆய்வகத்தின் தலைவர். உலகத்தில் அவருக்குத் தெரியாதது என்று ஒன்றும் கிடையாது. அப்படி ஏதாவது இருந்தால், அது தெரிந்துகொள்ள லாயக்கில்லாத விஷயம் என்று அர்த்தம்.

மாணவியின் பெயர் நித்யா. குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டும் வீட்டுப் பெண். முனைவர் பட்டத்துக்கு எங்களிடம் வந்து, ஒரு குளிர்காலம் முழுக்க மூக்கைச் சிந்திக்கொண்டே பாடம் படித்துவிட்டு, களப்பணிக்குத் தன் சொந்த ஊர்ப் பக்கத்துக்கே திரும்பியிருந்தாள். ஆம்பூர்ப் பக்கத்து டேனரிகளில், பதனிட வந்த தோலின் உள்பக்கத்துச் சதையைச் சுரண்டிக் கொல்லையில் குவிப்பார்கள். அந்தக் குவியலை நம்பிப் பருந்துகள் எப்படிப் பிழைக்கின்றன என்பதுதான் அவள் ஆராய்ச்சி. தினமும் ஒரு மொட்டைமாடியில் நின்று பருந்துகளை எண்ண வேண்டும். எண்ணினாள். கணக்கும் வந்தது. ஏழு நாளைக்கு ஒரு முறை மட்டும் பூஜ்யம். ஒரு வாரம் தப்பாமல், சொல்லிவைத்தாற்போல் பூஜ்யம்.

"இயற்கைக்கு வார விடுமுறை கிடையாது," என்றார் ஹென்ரிக். "இவ்வளவு சுத்தமான பூஜ்யத்தை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. இந்தப் பெண் இட்டுக்கட்டுகிறாள்."

விளக்கம் கேட்டு எழுதினார். வெள்ளிக்கிழமைகளில் பருந்துகள் வருவதில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஏன் வருவதில்லை என்று அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை குழு கூடி அவளுடைய இடத்தை ரத்து செய்வதா என்று முடிவெடுக்கும். இடம் போனால் உதவித்தொகை போகும், விசா போகும், பட்டம் போகும். நான் அவளுக்கு இரண்டாம் வழிகாட்டி. முதல் வழிகாட்டி ஹென்ரிக்கேதான், ஆனால் அவருக்கு வெயில் ஆகாது.

வழிகாட்டிகளுக்கென்று எங்கள் பல்கலைக்கழகம் வருஷத்துக்கொரு முகாம் நடத்துகிறது. ஏரிக்கரையில், நல்ல சாப்பாட்டோடு. வண்ணக் காகிதத்தில் மனக்குறையை எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்வார்கள். மாணவரிடம் என்ன தப்பு செய்தாய் என்று கேட்கக் கூடாதாம், உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டுமாம். கேட்டுத்தான் பார்த்தேன். ஓநாய் ஆராய்ச்சிக்கு வந்த ஒரு பையன், தனக்கு நாயைக் கண்டாலே பயம் என்று இரண்டாம் வருஷத்தில் சொன்னான். நீர்நாய் ஆராய்ச்சிக்கு வந்தவள் ஆற்று நாற்றம் தாங்கவில்லை என்று கணினிக்குள் புகுந்துகொண்டாள், இப்போது அவள்தான் எல்லோருக்கும் புள்ளியியல் சொல்லித்தருகிறாள். என் கையில் வந்து சேர்ந்த பிள்ளைகளில் நாற்றத்துக்கு முகம் சுளிக்காதவள் நித்யா ஒருத்திதான். எனக்கு அவளைப் பிடிக்கும். அவளைச் சந்தேகப்பட்டதில் ஹென்ரிக் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

புதன்கிழமை வேலூரில் வந்து இறங்கினேன். வங்காளத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் நோயாளிகள் வரும் பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றியிருக்கும் தெருக்களில் தமிழ் பேசினால் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். லாட்ஜுப் பலகைகளில் வங்காள எழுத்து, மருந்துக்கடைப் பலகைகளில் இந்தி. என் லாட்ஜின் வரவேற்பில் இருந்தவர் என்னைப் பார்த்ததும் எந்த டாக்டர் என்று இந்தியில் கேட்டார். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தமிழில் சொன்னேன்.

"அப்ப பேஷண்ட் யாரு மேடம்?"

"பேஷண்ட் யாரும் இல்லை."

"பேஷண்ட் இல்லாம இன்னாத்துக்கு மேடம் வேலூர் வந்தீங்க?"

பருந்து பார்க்க என்று சொன்னேன். அவர் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குத் தனி வாசல் இருப்பதாகத் தணிந்த குரலில் சொன்னார். கொடுத்த அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் துணைக்கு வருபவருக்கான இன்னொரு கட்டில் கிடந்தது. கீழே இருந்த மெஸ்ஸில் கடுகெண்ணெயில் வதக்கிய மீன்குழம்பு. மதுரைக்காரி ஒருத்தி இத்தனை வருஷம் கழித்துத் தமிழ்நாட்டுக்கு வந்து சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவர் என் தட்டைப் பார்த்து, மீனின் தலையை விட்டுவிடாதீர்கள், ஆபரேஷனுக்குப் பிறகு ரொம்ப நல்லது என்று அக்கறையாகச் சொன்னார். சாயங்காலம் கோட்டைக்குப் போனேன். அகழியில் பச்சைத் தண்ணீர், புல்தரையில் ஜோடி ஜோடியாகக் காதலர்கள், அவர்களை விரட்ட ஒரு விசில். அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் ஆம்பூருக்கு பஸ் ஏறினேன். நடத்துநர் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார், நானும் நம்பி உட்கார்ந்தேன். ஆம்பூர் என் கண்ணெதிரே வந்தது, என் கண்ணெதிரே போயும் விட்டது. எழுந்து கத்தினேன்.

"இது ஆம்பூர் நிக்காது மேடம், வாணியம்பாடிதான்," என்றார் அவர்.

"அப்புறம் எதுக்கு ஆம்பூருக்கு டிக்கெட் குடுத்தீங்க?"

"நீங்க ஆம்பூர்னு கேட்டீங்க, குடுத்தேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு ஆறுதலாகச் சேர்த்தார்: "வாணியம்பாடிலயும் பிரியாணி நல்லாதான் இருக்கும்."

சுவீடனில் பஸ் இரண்டு நிமிஷம் தாமதமானால் மன்னிப்புக் கேட்டு போனில் செய்தி வரும். ஆனால் அங்கே எந்த நடத்துநரும் என் வயிற்றைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. இரண்டுமே எனக்கு எரிச்சல்தான் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

வாணியம்பாடியிலிருந்து எதிர்ப்பக்க பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது, ஆம்பூர் பஸ் நிலையத்தில் நித்யா காத்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். கழுத்தில் தொலைநோக்கி, தலையில் துப்பட்டா முக்காடு. என்னைப் பார்த்துச் சிரித்தாள், அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"ஹென்ரிக் சார் ரொம்பக் கோவமா இருக்காரா மேடம்?"

"அவருக்குக் கோபம் வர்ற அளவுக்கு ரத்தம் ஓடாது. சந்தேகம் மட்டும்தான். நீ வா."

டேனரிக்கு ஆட்டோவில் போனோம். நாற்றம் நமக்கு முன்னால் வந்து வரவேற்கிறது. உப்பு, சுண்ணாம்பு, பச்சைத்தோல், இன்னும் என்னவோ. பாலாறு பக்கத்திலேயே கிடந்தது. ஆறு என்று பெயர்தான், மணலும் முட்செடியும் நடுவில் ஒரு கறுப்பு வாய்க்காலும். நாற்றத்துக்கு நான் மூக்கைப் பொத்தியதை ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

"ரெண்டு நாள் இருந்தா பழகிடும் மேடம். எங்களுக்கு இது இல்லன்னாதான் பேஜாரு. வாசனை இல்லன்னா டேனரி மூடிட்டான்னு அர்த்தம்."

டேனரிக்கு எதிரில் அதே முதலாளியின் செருப்பு கம்பெனி. அதன் மொட்டைமாடிதான் நித்யாவின் ஆய்வுக்களம். இரண்டு இடத்துக்கும் சேர்த்து ஒரே காவலாளி, பாஷா பாய். பெரிய மீசை, சின்ன உடம்பு, நாற்காலியை விட்டு எழுந்திருக்காத சுபாவம். அவரைத் தாண்டி மாடிக்கு ஏறினோம். மேலே போனதும் என் எரிச்சலெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. டேனரிக் கொல்லையின் மேல் கரும்பருந்துகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக, அடுக்கடுக்காக, அவசரமே இல்லாமல். ஆள் ஒருவன் சதையைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டியதும் ஒரு பருந்து இறங்கி, தரையில் கால் பாவாமல் அள்ளிக்கொண்டு போயிற்று. நானும் நித்யாவும் ஆளுக்கொரு மூலையில் நின்று தனித்தனியாக எண்ணினோம். ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம் வந்தது. நான்தான் ஒரு பருந்தை இரண்டு தடவை எண்ணியிருந்தேன். எண்ணத் தெரியாத பெண் இல்லை இவள்.

கீழே இறங்கியபோது பாஷா பாய், "நாளைக்கு வந்துடாதீங்க மேடம், லீவு," என்றார்.

"என்ன லீவு?"

"வெள்ளிக்கிழமைல்ல."

அவர் சொன்ன தொனியில், காலையில் சூரியன் ஏன் வந்தது என்று நான் கேட்டுவிட்ட மாதிரி இருந்தது. எனக்கு மண்டையில் உறைத்தது. இந்தப் பக்கத்தில் பல டேனரி முதலாளிகள் முஸ்லிம்கள். அவர்களுக்கு வார விடுமுறை வெள்ளி, ஞாயிறு வேலைநாள்.

"அப்ப பருந்து?" என்று கேட்டேன்.

"வேலை இல்லன்னா கறி இன்னாத்துக்கு விழும்? கறி விழலன்னா பருந்து இன்னாத்துக்கு மேடம் வரும்? அதுக்கும் தெரியும், வெள்ளிக்கிழமை லீவுன்னு."

ஆட்டோக்காரரும் தலையை ஆட்டினார். டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு தொழிலாளிகளும் ஆட்டினார்கள். நான் நித்யா பக்கம் திரும்பினேன்.

"இதை ஏம்மா நீ எழுதலை?"

"எதை மேடம்?"

"வெள்ளிக்கிழமை லீவுங்கிறதை."

அவள் நிஜமாகவே விழித்தாள். "இதைப் போய் எழுதணுமா மேடம்? நான் படிச்ச ஸ்கூலுக்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன்."

எல்லோருக்கும் தெரியுமாம். சுவீடனில் பனியில் உட்கார்ந்திருக்கும் ஹென்ரிக்குக்கு ஆம்பூரில் வெள்ளிக்கிழமை லீவு என்று தெரியுமாம். ஆனாலும் எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. கோபத்தை மொத்தமாக வேறு ஒருவருக்காக எடுத்து வைத்திருந்தேன்.

பிரியாணிக் கடைக்குப் போனோம். சீரகச் சம்பா, கத்திரிக்காய்த் தொக்கு, வெங்காயத் தயிர். இந்த ஊரைப் பற்றி நான் நல்லதாகச் சொல்லப்போவது இது ஒன்றுதான், அதனால் அழுத்திச் சொல்கிறேன்: கறி பதமாக வெந்திருந்தது, சோறு ஒன்றோடொன்று ஒட்டவில்லை, காரம் அளவோடு இருந்தது. பரிமாறியவர் கேட்காமலே இரண்டாவது தரம் கத்திரிக்காய் வைத்தார். சாப்பிட்ட கையோடு, கை கழுவிய ஈரம் காயுமுன் ஹென்ரிக்குக்கு போன் போட்டேன். நித்யா எதிரில் இருக்கட்டும், கேட்கட்டும் என்றுதான் ஒலிபெருக்கியிலேயே பேசினேன்.

"ஹென்ரிக், உங்கள் புள்ளியியலுக்கு இன்று என்ன கிழமை என்று தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். இருபது வருஷத்துக் கணக்கை அன்றைக்குத் தீர்த்தேன். உலகத்தில் எல்லா வாரமும் ஞாயிற்றுக்கிழமை முடிவதில்லை என்றேன். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், நான் விமானம் ஏறியிருக்கவே வேண்டாம் என்றேன். வேலை இல்லாத நாளில் தீனி இல்லை, தீனி இல்லாத நாளில் பறவை இல்லை, இதைப் புரிந்துகொள்ள முனைவர் பட்டம் தேவையில்லை என்றேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நீ சரிபார்த்துவிட்டாயா?" என்று மட்டும் கேட்டார்.

"பார்த்துவிட்டேன். நான் உறுதி சொல்கிறேன்."

"அப்படியென்றால் சரி. நான் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்," என்றார்.

நான் வெற்றிக் களிப்பில் மிதந்தேன். நித்யா தன் இலையில் மிச்சமிருந்த சோற்றை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வழிகாட்டி என்ற பெயருக்கு இதற்குமேல் என்ன லட்சணம் வேண்டும்?

அத்தோடு ஊர் திரும்பியிருக்கலாம். எனக்கு ஆசை அடங்கவில்லை. செவ்வாய்க்கிழமை குழு முன்னால் ஒரு படம் காட்ட வேண்டும் என்று தோன்றிவிட்டது. பருந்தே இல்லாத ஆம்பூர் வானம். அதை ஹென்ரிக் எதிரில் சுவர் அகலத்துக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

"நாளைக்கு டேனரிக்குப் போறோம், வெறும் வானத்தைப் படம் எடுக்கறோம்," என்றேன்.

"நாளைக்கு எங்க வீட்டுக்கு வாங்க மேடம். அம்மா கோழி அடிக்கறேன்னு சொன்னாங்க."

"படம் எடுத்துட்டு அப்புறம் போலாம்."

"கேட்டு பூட்டியிருக்கும் மேடம். பாய் தொழுகைக்குப் போய்டுவாரு. ஒண்ணுமே இருக்காது."

"ஒண்ணுமே இல்லாததைத்தானே எடுக்கப்போறோம்."

வெள்ளிக்கிழமை ஊரின் நடை மாறியிருந்தது. கடைத்தெருவில் வெள்ளைத் தொப்பிகள், வெளுத்த சட்டைகள், அத்தர் மணம். டேனரிச் சாலையில் ஈ, காக்கை இல்லை. பாஷா பாய் நாற்காலி மட்டும் காலியாகக் கிடந்தது. மாடிக்குப் போகும் கதவும் பூட்டு. முன்பக்கத்திலிருந்து பார்த்தால் உயரமான மதில், அதற்கு மேலே நான் ஆசைப்பட்ட வெறும் வானம். ஒரு பருந்துகூட இல்லை. இரண்டு படம் எடுத்தேன். மதில் மறைக்கிறது, பின்பக்கம் ஆற்றுப் பக்கமாகப் போனால் இன்னும் நன்றாக விழும் என்று ஆட்டோக்காரரிடம் சொன்னேன். நித்யா ஆட்டோவைவிட்டு இறங்கவே மனமில்லாமல் இறங்கினாள்.

பின்சுவர் ஒரு இடத்தில் இடிந்திருந்தது. அதன் வழியாக எட்டிப் பார்த்தேன்.

கொல்லை முழுக்கப் பருந்து. வானத்தில் இல்லை, தரையில். கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு இடம்பிடித்தவர்களைப் போல வரிசையாக, நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. தோல் காயவைக்கும் சட்டங்களின் மேல், தள்ளுவண்டியின் மேல், பீப்பாய்களின் மேல், கூரை விளிம்பில். வியாழக்கிழமை சாயங்காலம் சுரண்டிய சதையை எடுத்துப்போக, தினமும் வரும் டிராக்டர் வெள்ளிக்கிழமை வராது. அது அப்படியே குவிந்து கிடந்தது. விரட்ட ஆள் கிடையாது. வானத்தில் சுற்ற வேண்டிய அவசியமே இல்லாமல், நடந்து போய்த் தின்றுகொண்டிருந்தன.

நான் நித்யாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்திலும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நீ வெள்ளிக்கிழமை இங்க வந்திருக்கியா?" என்று கேட்டேன்.

அவள் உதட்டசைவு நின்றது.

"ஒரு வெள்ளிக்கிழமையாவது?"

"இல்ல மேடம்."

"பின்ன எப்படி பூஜ்யம் போட்ட?"

"வராதுன்னு தெரியுமே மேடம். சின்ன வயசுலேர்ந்து எல்லாரும் சொல்றதுதான். கேட்டு பூட்டியிருக்கும், பஸ் கம்மி, பாய் திட்டுவாரு. பூஜ்யம்தான்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் எதுக்கு வந்து நிக்கணும்னு..." அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நான் பொய் எழுதல மேடம். நெஜம்னு நெனச்சுதான் எழுதினேன்."

அடிப்பாவி. வாயில் வந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். பருந்து எண்ணுவதற்கென்றே பிறந்த பெண், ஆண்டவன் கொடுத்த வாரத்தில் ஒரு நாளை ஊர்ப்பேச்சைக் கேட்டு நிரப்பியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை பருந்து வராது என்று இந்த ஊர் மொத்தமும் சத்தியம் செய்யும், ஏனென்றால் வெள்ளிக்கிழமை இந்த ஊரில் ஒருத்தரும் டேனரிப் பக்கம் வருவதில்லை. ஹென்ரிக் சொன்னது சரி. அந்தப் பூஜ்யம் இட்டுக்கட்டியதுதான். இதை எழுதும்போதும் எனக்குக் கை எரிகிறது.

ஊருக்குள் வந்து ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. டீ வருவதற்குள் நித்யாவின் போனும் என் போனும் ஒரே நேரத்தில் கத்தின. ஹென்ரிக் ஆய்வகம் முழுவதற்கும் கடிதம் அனுப்பியிருந்தார். உள்ளூர் நிலவரம் தெரியாமல் ஒரு நேர்மையான ஆராய்ச்சியாளரைச் சந்தேகித்துவிட்டேன், எல்லோர் முன்னிலையிலும் நித்யாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன், நேரில் சரிபார்த்த சக வழிகாட்டிக்கு நன்றி. மனுஷன் இவ்வளவு பெரிய மனதோடு எழுதுவார் என்று யார் கண்டது? அவர் கெட்டவராக இருந்து தொலைத்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

நித்யா அதை இரண்டு தடவை படித்தாள்.

"இப்ப இன்னா மேடம் பண்றது?"

"நீ ஒண்ணும் பண்ணாத. நான் ஊருக்குப் போனதும் பக்குவமா எழுதிக்கறேன். சில நாட்களுக்கான பதிவில் விடுபாடுன்னு ஒரு வரி போதும். வெள்ளிக்கிழமையை மட்டும் தூக்கிட்டு மிச்ச ஆறு நாளை வச்சுக்கலாம். உன் இடத்துக்கு ஒண்ணும் ஆகாது."

"விடுபாடு இல்லையே மேடம். நான் போட்டிருக்கேன்ல, பூஜ்யம்."

"ஏம்மா, உனக்கு ஒரு நாலு நாள் வாயை மூடிட்டு இருக்க முடியாதா? செவ்வாய்க்கிழமை தாண்டட்டும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மாணவி வழிகாட்டியைப் பார்க்கும் பார்வை இல்லை அது.

"நேத்து நீங்க சாருக்கு போன் பண்ணினப்பவே சொல்லணும்னு இருந்தேன் மேடம். நாளைக்குப் போய் ஒருவாட்டி பார்த்துட்டு அப்புறம் அவர்கிட்ட சொல்லலாமேன்னு. நீங்க விடல. எனக்காகத்தான் பேசறீங்கன்னு நெனச்சேன். கேட்கக் கேட்க அப்படித் தெரியல. அவரை ஜெயிக்கணும்னுதானே மேடம் பண்ணீங்க?"

டீ வந்தது. இரண்டு பேரும் தொடவில்லை. எனக்கு வந்த கோபத்தில் எழுந்து போயிருக்க வேண்டும், போகவில்லை. அவள் போனை எடுத்து, நான் ஒரு வார்த்தை திருத்துவதற்குள், எல்லோருக்கும் பதில் எழுதி அனுப்பிவிட்டாள். நாலே வரி. வெள்ளிக்கிழமைகளில் நான் களத்துக்குப் போனதில்லை. போகாமலே பூஜ்யம் எழுதினேன். இன்று போனேன், நிறையப் பருந்துகள் இருந்தன. மற்ற நாட்கள் நான் எண்ணியவை.

"அம்மா கோழி அடிச்சிருப்பாங்க மேடம், வாங்க," என்றாள் பிறகு. போனேன். அவள் அம்மா பேரீச்சம்பழ அளவுக்குக் கறித்துண்டு போட்டுக் குழம்பு வைத்திருந்தார். உள்ளறையில் தறி நின்றிருந்தது, விருந்தாளி வந்தால் சத்தம் கூடாதென்று நிறுத்தியிருந்தார்களாம். "எங்க பொண்ணு நல்லா செய்யறாளாங்க?" என்று கேட்டார் அந்த அம்மா. நல்லா செய்யறா என்றேன். அந்தப் பயணத்தில் நான் சரிபார்த்துச் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

சனிக்கிழமை கிளம்பினேன். லாட்ஜுக்காரர் கணக்கை முடித்துவிட்டு, உடம்பு இப்போ பரவாயில்லையா மேடம் என்று விசாரித்தார். பரவாயில்லை என்றேன்.

செவ்வாய்க்கிழமை குழு கூடியது. வெளியே தூறல், உள்ளே இலவங்கப்பட்டை ரொட்டி. ஹென்ரிக் நித்யாவின் நாலு வரியை வாசித்தார். ஜெயித்தவரின் முகமாகவே அது இல்லை. "இவள் ஒப்புக்கொண்டதை மதிக்கிறேன். ஆனால் மற்ற ஆறு நாளை எதை வைத்து நம்புவது?" என்று எல்லோரையும் கேட்டார்.

நான் எழுந்தேன். அந்த மொட்டைமாடியில் அவளோடு நின்று நானே எண்ணினேன், அவள் கணக்கு துல்லியமாக இருந்தது, இந்த ஆய்வகத்தில் இவளைப்போல எண்ணத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை, நான் உறுதி சொல்கிறேன் என்றேன். வாழ்க்கையில் ஒரு தடவை எவரையும் ஜெயிப்பதற்காக இல்லாமல் பேசினேன்.

ஹென்ரிக் என்னை வருத்தத்தோடுதான் பார்த்தார். "உன் உறுதியைப் போன வியாழக்கிழமையே எங்களுக்குக் கொடுத்துவிட்டாயே," என்றார்.

நீர்நாயை விட்டுவந்த புள்ளியியல்காரி மேசையைப் பார்த்துக்கொண்டாள். நான் உட்கார்ந்துவிட்டேன். இடம் ரத்தாயிற்று. கூட்டம் அத்தோடு முடியவில்லை, புதுக் காபி இயந்திரம் வாங்குவதைப் பற்றியும் பேசினார்கள்.

எனக்கு அவளைக் கூப்பிட மூன்று நாள் ஆயிற்று. என்ன பேசுவது என்று தெரியவில்லை. இந்தியாவில் வேறு இடத்தில் சேர்த்துவிடலாம், சிபாரிசு எழுதுகிறேன், என்னால்தான் இப்படி ஆயிற்று, எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டு, காலையில் எழுந்ததும் போன் போட்டேன். உடனே எடுத்தாள். பின்னால் காற்றுச் சத்தம் கேட்டது.

"நித்யா, மெயில் பார்த்தியாம்மா?"

"பாத்துட்டேன் மேடம்."

"எங்க இருக்க? காத்து அடிக்குது?"

"பேரணாம்பட்டு டேனரிங்க பின்னாடி மேடம். இங்கயும் வெள்ளிக்கிழமை பருந்து வரும்னு தோணுச்சு. வருது."

"இப்ப எதுக்கும்மா இதெல்லாம்? அதான் முடிஞ்சுபோச்சே. யாருக்காக எண்ணிட்டிருக்க?"

அவள் போனைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு மெதுவாக முணுமுணுப்பது கேட்டது. நான் அடுக்கி வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். "அன்னிக்கு டீக்கடையில நீ கேட்டது..."

"மேடம், எண்ணிட்டு இருக்கேன். பேசினா விட்டுப்போய்டும்," என்றாள் நித்யா, போனை வைத்துவிட்டாள்.